மூன்றாம் கையொப்பம் எங்கே?

சித்திரை மாதத்து நண்பகலில் அடி அண்ணாமலைத் தெருக்களில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்வது எளிய பணியன்று. கிரிவலப் பாதையின் தார் செருப்பில் ஒட்டும். வீட்டினுள் நுழைந்தாலோ, வெளியே வெயிலில் நிற்பதே மேல் என்று தோன்றும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் தகரக் கூரைக்கும் கீழே பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் முதியோருக்கு நற்கருணை வழங்கக் குனியும்போது, கூரையின் அனல் நம் பிடரியில் இறங்கும். வாசலுக்கு எதிரே மலை நிற்கிறது. நெருப்புத் தூணே மலையாகக் குளிர்ந்தது என்று இவ்வூர்த் தலபுராணம் பேசும் மலை. அதன் அடிவாரத்து ஏழையின் வீட்டில் மட்டும் அந்நெருப்பு இன்னும் குளிரவில்லை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், தம் பெரியம்மாவைக் காணக் கனடாவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, எங்க பக்கத்துல மண்ணுக்குள்ள குழாய் இறக்கி வீட்டுக்குச் சூடு எடுக்கிறாங்க. முனிசிபாலிட்டியும் கம்பெனியும் சேர்ந்து பண்றாங்க. வெயில் காலத்துல அதே குழாய் வீட்டைக் குளுமையாக்குது. நம்ம ஊர்ல ஏன் சாமி முடியாது?"

அன்று நாம் புன்னகைத்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. முடியாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை; முடியும் என்று வாளா சொல்லிவிடவும் மனம் ஒப்பவில்லை. இரண்டுக்கும் இடையே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

அந்த இளைஞர் குறிப்பிட்டது, டொரொண்டோவை அடுத்துள்ள மார்க்கம் மாநகரம். ஈழத்தமிழரும் தமிழகத்தாரும் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் ஊர் அது. அங்கே பெர்சி கிளென் என்னும் புதிய குடியிருப்பில், முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நிலத்தடியிலிருந்தே சூடும் குளிர்ச்சியும் வழங்கும் திட்டத்திற்காக மாநகராட்சியும், வீடு கட்டும் மட்டமி ஹோம்ஸ் நிறுவனமும், வெப்பம் வழங்கும் என்வேவ் நிறுவனமும் கைகோத்தன. பனிக்காலத்தில் எரிவாயுவை எரித்தே வீட்டைச் சூடாக்கிப் பழகிய நாட்டில் இது நற்செய்திதான்.

இதன் இயக்கம் விளங்காத புதிர் அன்று. ஃபிரிட்ஜின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர் எவருக்கும் புரியும். பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே அதன் வேலை. 'ஹீட் பம்ப்' எனப்படும் கருவி செய்வதும் அதுவே. ஆழமாகத் துளையிட்டு, வளைந்து மேலேறும் குழாயை இறக்கி, அதில் நீரைச் சுழலவிடுகிறார்கள். டொரொண்டோப் பகுதியில் ஆழத்து மண் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. வெளியே பனி உறையும்போது மண்ணின் வெப்பம் வீட்டுக்குள் வருகிறது. கோடையில் வீட்டின் வெப்பம் மண்ணுக்குள் போகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்ற மட்டுமே செலவாவதால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு பங்கு வெப்பம் கிடைக்கிறது.

நம் ஊருக்கு இது ஏற்குமா? நமக்கு வேண்டியது சூடு அன்று, குளிர்ச்சி. ஆழத்து மண்ணின் வெப்பநிலை அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே அமையும். ஆதலால் நம் மண் கனடா மண்ணைப் போல் குளிர்ந்திராது. முப்பதை நெருங்கியே இருக்கும். எனினும், நாற்பதைத் தாண்டிய காற்றில் வெப்பத்தைக் கொட்டுவதைவிட முப்பது டிகிரி மண்ணில் கொட்டுவது மின்சாரத்தை மிச்சப்படுத்தும். துளையிடவும் நாம் அயல்நாட்டை நாட வேண்டியதில்லை. இந்தியா முழுவதும் சென்று பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் நம் திருச்செங்கோட்டிலிருந்துதானே புறப்படுகின்றன!

ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. கனடாவில் கோடையில் மண்ணுக்குள் போன வெப்பத்தைக் குளிர்காலம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மண்ணின் கணக்கு ஆண்டுதோறும் நேராகிவிடுகிறது. குளிர்காலமே இல்லாத நம் ஊரில் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால் மண்ணும் மெல்ல மெல்லச் சூடேறும். துளைகள் நெருங்கி அமைந்தால் ஒருவர் கொட்டிய வெப்பம் அடுத்தவர் துளையைத் தொடும். முதலில் வந்தவர் குளிர்ச்சியை எடுத்துக்கொள்வார். பின்னால் வந்தவருக்குச் சூடு மிஞ்சும். மண்ணின் மேற்பரப்பை வேலி போட்டுப் பிரிக்கலாம். மண்ணுக்குள் வேலி இல்லை. ஆகவே நிலத்தடிக் குளிர்ச்சி என்பது ஏரி நீரைப் போல, மேய்ச்சல் நிலத்தைப் போல, ஊர் முழுவதற்கும் உரிய பொதுச்சொத்து. இதை மறந்து செய்யப்படும் எந்த ஒப்பந்தமும் அநீதியில்தான் முடியும்.

இதை நாம் நூல்களில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. நம் குற்றத்தையும் இங்கே அறிக்கையிடக் கடமைப்பட்டுள்ளோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கொன்றில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடிநீர் இல்லை. அனுமதி பெற்றோம். கொடையாளர் பணம் தந்தார். ஒப்பந்ததாரர் ரிக் வண்டியுடன் வந்தார். அறுநூறு அடியில் நீர் பீறிட்டபோது மணியடித்து நன்றி கூறினோம். அடுத்த கோடையில் பள்ளிக்குப் பின்தெருவிலிருந்து வயதான அம்மா ஒருவர் வெறுங்குடத்துடன் வந்து பங்குமனை வாசலில் நின்றார். "சாமி, உங்க குழாய்க்குத் தண்ணி வந்துச்சு. எங்க கேணி போயிடுச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். அனுமதி தந்தவர் கையொப்பம் நம் கோப்பில் இருந்தது. தோண்டியவர் கையொப்பம் இருந்தது. கேணிக்கு உரியவர்களிடம் நாம் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. நல்ல நோக்கம் இருந்தது, நேர்மை இருந்தது, மூன்றாவது கையொப்பம் இல்லை. பின்தெருவுக்கும் குழாய் நீட்டிக் கொடுத்தோம் என்பது உண்மை. எனினும், அதுவரை தம் கேணியில் இறைத்துக் குடித்தவர்கள் அன்றிலிருந்து நம் திருகுகுழாயைத் திறக்கும் நேரத்துக்காகக் காத்து நின்றார்கள். உரிமை கொடையாகிவிட்டது. அந்த வேறுபாட்டை ஏழைகள் நன்கு அறிவார்கள்.

நம் மாவட்டம் முழுவதன் நிலத்தடி நீர் வரலாறும் இதுவேயன்றி வேறென்ன? ஆங்கிலேயர் 1882-இல் இயற்றிய வசதியுரிமைச் சட்டத்தின் நிழலில், நிலம் யாருடையதோ அதன் கீழுள்ள நீரும் அவருடையது என்ற எண்ணம் வேரூன்றியது. நீண்ட குழாயும் வலிய மோட்டாரும் உடையவர் ஊர் நீரை உறிஞ்சினார். நிலம் அற்றவருக்கு நீரும் அற்றுப்போயிற்று. நீரில் செய்த பிழையை வெப்பத்திலும் செய்யப் போகிறோமா?

கேள்வி வெறுங்கற்பனை என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2022-இல் வெளியிட்ட புவிவெப்ப வரைபடத் தொகுப்பு, நாட்டில் 381 வெப்பநீர்ப் பகுதிகளைக் கணக்கிட்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் மைய அரசு தேசியப் புவிவெப்பக் கொள்கையை அறிவித்தது. மின்னாக்கத்தோடு நில்லாமல், கட்டடங்களுக்குச் சூடும் குளிர்ச்சியும் தரும் நிலத்தடிக் கருவிகளையும் அது கருத்தில் கொள்கிறது. தனியார் பங்கேற்பையும் வரவேற்கிறது. நம் மாநில அரசோ 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. தேவை பெருகுகிறது, கொள்கை பிறந்துவிட்டது, துளையிடும் வண்டிகள் இங்கேயே இருக்கின்றன. ஒப்பந்தத் தாள்கள் வரும் நாள் தொலைவில் இல்லை.

அப்போது நமக்கு ஓதப்படும் மந்திரத்தையும் நாம் அறிவோம்: "அரசும் தனியாரும் கைகோத்தால் எல்லாம் நடக்கும்." அரசு தனித்துச் செய்தால் உறங்கிவிடும், தனியார் தனித்துச் செய்தால் சுரண்டிவிடுவர், இருவரும் கூடினால் இரண்டு குறையும் நீங்கும் என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவர் கூடும்போது இருவர் நிறைகளும் கூடும் என்பதற்கு என்ன உறுதி? ஒருவர் உறக்கமும் மற்றவர் சுரண்டலும் கூடிவிட்டால்?

நம் மாநிலத்து அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். பனியன் தொழிலால் செழித்தும் குடிநீருக்குத் தவித்த திருப்பூருக்காக, 1995-இல் 'நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன்' என்ற நிறுவனம் உருவாயிற்று. தமிழக அரசும், ஐ.எல்.எஃப்.எஸ். நிதி நிறுவனமும், ஏற்றுமதியாளர் சங்கமும் அதில் கூட்டு. இவ்வகையில் நாட்டிலேயே முதலாவது என்று அது புகழப்பட்டது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், முப்பது ஆண்டு உரிமையுடன், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் கொண்டுவரும் திட்டம். நீர் வந்தது, வழியோரச் சிற்றூர்களுக்கும் கிடைத்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கணக்கு முழுவதும் தொழிற்சாலைகள் கூடுதல் விலைக்கு வாங்கும் நீரை நம்பி நின்றது. நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. 2018-இல் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமே சரிந்து விழுந்தது. முப்பது ஆண்டுக் கணக்கை எழுதியவர்களால் முப்பது ஆண்டு உலகத்தை எழுத முடியவில்லை. நிறுவனங்கள் சரியலாம்; நகரம் நாளைக் காலையிலும் நீர் குடித்தாக வேண்டும். எனவே இறுதிச் சுமை எப்போதும் பொதுமக்கள் தோளிலேயே வந்து இறங்குகிறது.

மற்றொன்று. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்று எழுந்தது. உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று என அன்று போற்றப்பட்டது. அதன் மின்சாரத்தை அலகுக்கு 7 ரூபாய் 1 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்குவதாக நம் மின்வாரியம் ஒப்புக்கொண்டது. 2017 மே மாதம் இராஜஸ்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரத்தின் விலை 2 ரூபாய் 44 காசாக இறங்கியது. ஓராண்டுக்குள் உலகம் மாறிற்று; ஒப்பந்தம் மாறவில்லை. கதிரவன் எவரிடமும் விலை கேட்பதில்லை. விலையைத் தாளில் எழுதிப் பூட்டியவர்கள் மனிதர்கள். நிலத்தடி வெப்பத்துக்கும் விலை கேட்பவர் எவரும் மண்ணுக்குள் இல்லை. ஆனால் குழாய் ஒருமுறை இறங்கிவிட்டால் அது ஐம்பது ஆண்டுகள் கிடக்கும். பிடிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவது போல், வீட்டுக்காரர் வேறு குழாயை நாட முடியாது. போட்டியே இல்லாத இடத்தில் சந்தையின் நன்மைகளைப் பேசுவது ஏமாற்று வேலை.

பணக் கணக்கை விடுவோம். மண்ணின் கணக்கு பிழைத்தால் யார் பொறுப்பு? தென் ஜெர்மனியில் ஸ்டாஃபென் என்ற பழைமையான சிற்றூர். 2007-இல் அதன் நகர்மன்றக் கட்டடத்துக்கு நிலத்தடி வெப்பம் எடுக்க, 140 மீட்டர் ஆழம் வரை ஏழு துளைகள் இட்டனர். கீழேயிருந்த ஒரு கனிமப் படிவத்தில் நிலத்தடி நீர் புகுந்தது. நீர் பட்ட படிவம் ஜிப்சமாக மாறிப் பருத்தது. ஊரே மெல்ல மேலெழும்பிற்று. இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகளில் விரிசல் கண்டது. நம் திருவண்ணாமலைப் பாறை வேறு; அதே விபத்து இங்கே நிகழும் என்று அச்சுறுத்த நாம் விரும்பவில்லை. நாம் சொல்ல வருவது இதுதான்: துளை ஒரே கட்டடத்துக்காக இடப்பட்டது; விரிசல் ஊருக்கே வந்தது. விரிசலைச் சுமக்கப் போகிறவர்களைத் துளையிடுமுன் கேட்டிருக்க வேண்டுமா, இல்லையா?

நம் நாட்டிலேயே லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல், கொதிநீர் ஊற்றுகள் புகையும் மேய்ச்சல் நிலம். அதன் வெப்பத்தைப் பயன்படுத்த 2021 பிப்ரவரியில் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதில் கையொப்பமிட்டோர் மூவர்: பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் ஆற்றல் மையம், லடாக் ஆட்சிப்பகுதி நிர்வாகம், லே மலைப்பகுதி வளர்ச்சி மன்றம். மூன்றாமவரைக் கவனியுங்கள். அது மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் மன்றம். 2022 ஆகஸ்டில் துளையிடும்போது நிலத்தடி வெந்நீர் பீறிட்டுப் பூகா ஓடையில் கலந்தது, பணி நின்றது. மூன்று கையொப்பம் இருந்தும் விபத்து நேர்ந்ததே என்று கேட்கலாம். கையொப்பம் விபத்தைத் தடுக்கும் தாயத்து அன்று. ஆனால் விபத்து நேர்ந்தபின், மக்களின் மன்றத்தை யாரும் அந்நியர் என்று வெளியே நிறுத்த முடியாது. "உமக்கென்ன இங்கே வேலை?" என்ற கேள்வியை ஏழை எதிர்கொள்ளாமல் இருப்பதற்கே அந்த மூன்றாம் கையொப்பம்.

வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு வரலாறு விடை கூறுகிறது. ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில், ஊர்ப் பெண்கள் துணி துவைத்துவந்த வெந்நீர் ஊற்று ஒன்று இருந்தது. 1930-இல் அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் குழாய் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் சில பத்து வீடுகளுக்கும் நகரம் வெப்பம் தந்தது. இன்று அந்நாட்டு வீடுகளில் பத்தில் ஒன்பது புவிவெப்பத்தால் சூடாகின்றன. தொடக்கத்தைப் பாருங்கள்: துவைக்கும் பெண்களின் ஊற்று, பிள்ளைகளின் பள்ளி. டென்மார்க் நாடு 1979-இல் இயற்றிய வெப்ப வழங்கல் சட்டப்படி, வீடுகளுக்கு வெப்பம் விற்போர் அடக்க விலைக்கு மேல் இலாபம் பார்த்தல் ஆகாது. அந்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குப் பொதுக்குழாயில் வெப்பம் வருகிறது. அவற்றை நடத்துவோரில் பெரும்பாலோர் நகராட்சிகளும் பயனாளர் கூட்டுறவுகளும்தாம். ஜெர்மனியின் 1980-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமோ, நிலம் உடையவருக்கு அதன் ஆழத்து வெப்பம் தானாகச் சொந்தமாவதில்லை என்று விதித்திருக்கிறது.

தனியார் வேண்டவே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் அரசின் ஆற்றல்துறை 1981-இல் துளையிட்டு வெந்நீரைக் கண்டது. இலாபம் போதாதென்று கைவிட்டது. நகர மன்றம் மனந்தளராமல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துடன் சேர்ந்து 1986-இல் நகரின் கட்டடங்களுக்கு அவ்வெப்பத்தை வழங்கிக் காட்டியது. நிறுவனத்தின் திறமை பயன்பட்டது. அழைத்ததும் நிபந்தனை இட்டதும் ஊர் மன்றம். இதிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. நீர் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற முதல் துளையின் ஆபத்தை ஏற்றது பொதுப்பணமே. முதல் துளையைத் தன் பணத்தில் இடுகிற மக்களுக்கு, கடைசி விலையைத் தீர்மானிக்கும் அவையில் ஓர் இருக்கை வேண்டாமா?

கூட்டுறவு நமக்குப் புதிதா? நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் நம் திரூரில் தோன்றியது. நாள்தோறும் காலையில் நம் ஊர்த் தெருக்களில் பால் ஊற்றும் பெண்கள் கூட்டுறவின் கணக்கைக் கையில் வைத்திருக்கிறார்கள். சங்கங்கள் சீரழிந்தன, அரசியல் புகுந்தது என்று சொல்வீர்கள். உண்மைதான். வீட்டுக்கூரை ஒழுகினால் கூரையைச் சீர் செய்வோமா, வீட்டையே அடுத்தவருக்கு எழுதிக் கொடுப்போமா?

"குடிசைவாசிக்கு ஒப்பந்தம் என்ன புரியும்?" என்று படித்தவர் சிலர் நம்மிடமே கேட்டதுண்டு. தன் கேணி ஏன் வற்றியது என்று அந்தப் பின்தெரு அம்மாவுக்குப் புரிந்தது. பொறியாளரை வைத்துத் துளையிட்ட நமக்குப் புரியவில்லை. புரியாதவர் யார்?

திருச்சபை இதில் தலையிடலாமா என்ற கேள்வியும் எழும். ஈசாக்கின் ஊழியர் தோண்டிய கிணறுகளை நினைவுகூருங்கள். முதற் கிணற்றுக்கும் சண்டை, இரண்டாவதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றில்தான் சண்டை ஓய்ந்து, எல்லாருக்கும் இடம் உண்டாயிற்று. மண்ணுக்கடியில் இருப்பது யாருடையது என்ற வழக்கு அத்துணைப் பழையது. மண்ணின் செல்வங்கள் மாந்தர் அனைவருக்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் 'லவுதாத்தோ சி' திருமடலில் அதை மீண்டும் வலியுறுத்தினார். சிறிய சமூகம் தானே ஆற்றக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்பது 1931-இல் பதினோராம் பத்திநாதர் உரைத்த நெறி. இந்நெறிகளை மறையுரையில் முழங்கிவிட்டு, ஒப்பந்த நாளில் வாய்மூடி நிற்பது எந்த வகையில் மேய்ப்புப்பணி ஆகும்?

நம் ஊர் நிலவரம் இதை இன்னும் அவசரமாக்குகிறது. திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியாயிற்று. நகரம் வளரும்போது சுற்றியுள்ள ஊராட்சிகள் அதன் எல்லைக்குள் இழுக்கப்படும். ஊராட்சி போனால் கிராம சபை போகும். வாக்காளர் ஒவ்வொருவரும் எழுந்து நின்று பேசக்கூடிய ஒரே அவை அது. அதற்கு ஈடாக நகர்ப்புறங்களில் 2022 முதல் பகுதி சபை என்ற அமைப்பு வந்துள்ளது. அது ஏட்டளவில் நிற்குமா, உயிர் பெறுமா என்பது நாம் அங்கே போய் உட்காருவதைப் பொறுத்தது. மூன்றாம் கையொப்பம் இடவேண்டிய கை இந்தச் சபைதான். கை இல்லாமல் கையொப்பம் எப்படி வரும்?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. நிலத்தடி வெப்பமும் குளிர்ச்சியும் பொதுச்சொத்து எனச் சட்டம் சொல்லட்டும். குத்தகைக்கு விடலாம், விற்கலாகாது. ஒப்பந்தம் முழுவதும் தமிழில் எழுதப்பட்டு, சபையில் வாசிக்கப்பட்டு, அதன் ஒப்புதல் பெற்றபின்னரே நடைமுறைக்கு வரட்டும். விலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு உட்படட்டும். நிறுவனம் வீழ்ந்தால் குழாய் ஊருக்குச் சேரட்டும். நிலத்துக்கும் வீட்டுக்கும் சேதம் நேர்ந்தால் ஈடு செய்யும் வைப்புத்தொகை முதலிலேயே கட்டப்படட்டும். நான்காவதாக, குழாய்க்கு முன் கூரையைப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எந்தக் குளிர்ச்சியும் தங்காது. கூரைக்கு வெள்ளைப்பூச்சும், முற்றத்தில் ஒரு வேப்பமரமும், காற்று வர ஒரு சன்னலும் தந்துவிட்டு அடுத்ததைப் பேசுங்கள். குறைந்த செலவில் முடியும் இவற்றில் பெரிய ஒப்பந்தம் எதுவும் பிறப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, இவற்றைப் பேசுவாரும் இல்லை.

இந்நான்கையும் அரசிடம் கேட்குமுன் நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பள்ளிகள், விடுதிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் வளாகங்களில் நிலம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஆழ்துளைக் கிணறுகளும் இருக்கின்றன. நாளை ஒரு நிறுவனம் நல்ல விலை பேசி நம் வளாகத்தில் துளையிடக் கேட்டால், பின்தெருவைக் கேட்டபின் விடை சொல்லும் துணிவு நமக்கு உண்டா? ஒருமுறை தவறியவர்கள் என்ற முறையிலேயே இதை எழுதுகிறோம்.

கனடாவுக்குத் திரும்பிவிட்ட அந்த இளைஞருக்கு நாம் தரும் மறுமொழி இதுவே: முடியும், தம்பி. ஆனால் உன் பெரியம்மா படுத்திருக்கும் மண்ணுக்கடியில் எவர் குழாய் இறக்கினாலும், அந்தத் தாளில் உன் பெரியம்மாவின் கைந்நாட்டும் இருக்க வேண்டும். அது இல்லாத தாளை, எத்துணைப் பெரிய கைகள் ஒப்பமிட்டிருந்தாலும், கூட்டுறவு என்று அழைக்க நாம் ஒருப்படோம்.